நக அலங்காரத்தை அருகிலிருந்து தெளிவாகப் படமெடுக்க மேக்ரோ லென்ஸ் அவசியமா?

கீழக்கரையில் வீட்டிலிருந்தபடியே மருதாணியும் நெயில் ஆர்ட்டும் செய்துகொடுக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸுடன் (18இல் அகலமான காட்சி, 55இல் நெருக்கமான காட்சி) ஒரு டிஜிட்டல் கேமரா இருக்கிறது. கல்யாண வீடுகளுக்கு அவர் செய்வது பெரும்பாலும் தொழுகை நேரத்தில் கழற்றிவைக்கக்கூடிய ஒட்டு நகங்கள். சில நேரங்களில் ஜெல் பூச்சு. கண்ணுக்கு அழகாகத் தெரியும் வேலைப்பாடு படத்தில் மங்கலாக விழுகிறது என்கிறார். பூச்சின் மேல் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாகப் படிந்து சித்திரத்தை மறைக்கிறது. மெரூன் நிறம் அப்பட்டமான சிவப்பாக மாறிவிடுகிறது. மேக்ரோ லென்ஸ், அதாவது மிக அருகில் குவிந்து சிறு பொருளையும் உண்மையான அளவிலேயே கேமராவுக்குள் பதியவைக்கும் லென்ஸ், வாங்கினால் இவையெல்லாம் சரியாகுமா என்பதே அவர் கேட்பது.

இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பது என் பதில். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் முதலாவது மட்டுமே லென்ஸோடு ஓரளவு தொடர்புடையது; அதுவும் உங்களிடம் உள்ள லென்ஸால் தீரக்கூடியது. மற்ற இரண்டும் வெளிச்சத்தால் வருபவை. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு விலை உயர்ந்த லென்ஸை மாட்டினால், அதே வெள்ளைக் கோடும் அதே தவறான நிறமும் இன்னும் கூர்மையாகப் படத்தில் விழும், அவ்வளவுதான்.

முதலில் நகத்தின் இயல்பைப் பார்ப்போம், ஏனெனில் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன. டாப் கோட் (கடைசியாகப் போடும் பளபளப்புப் பூச்சு) போட்ட நகம் என்பது, நடைமுறையில், ஒரு சிறிய குவி ஆடி. அதன் மேல்பரப்பில் படும் ஒளியில் ஒரு பகுதி நிறத்துக்குள் இறங்காமல் அப்படியே திரும்பி வருகிறது. அந்தத் திரும்பும் ஒளியே பளபளப்பு. தட்டையான கண்ணாடியாக இருந்தால் சற்றுச் சாய்த்துப் பிரதிபலிப்பை விலக்கிவிடலாம். நகமோ அகலவாட்டில் வளைந்திருக்கிறது. பரப்பு ஒரு பாகை திரும்பினால் அது காட்டும் பிரதிபலிப்பு இரண்டு பாகை திரும்பும் என்பதால், விரலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரு நகம் தன் முன்னே உள்ள அறையில் ஏறத்தாழ பாதியைத் தன்னுள் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கையை எப்படித் திருப்பினாலும் டியூப்லைட் நகத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகருமே தவிர மறையாது. அதை ஒழிக்க முயல்வதில் பயனில்லை. நகம் எதைப் பிரதிபலிக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பதுதான் வேலை முழுவதும்.

பிரதிபலிப்பே இல்லாத நகம் படத்தில் பிளாஸ்டிக் துண்டைப் போல உயிரற்றுத் தெரியும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு வேண்டியது, நகத்தின் நீளவாக்கில் ஓரமாக ஓடும், விளிம்புகள் மென்மையான, ஒரே ஒரு ஒளிப்பட்டை. அது வளைவையும் பளபளப்பையும் பார்ப்பவருக்கு உணர்த்தும். நடுவில் இருக்கும் சித்திரத்தைத் தொடாது. இப்படியொரு பட்டை கிடைக்க ஒளிமூலம் பெரிதாகவும், நகத்துக்கு அருகிலும், சீராகப் பரவியதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய டியூப்லைட் அல்லது ஒற்றை பல்பு இந்தத் தகுதிகளில் எதையும் பெற்றிருக்கவில்லை. வீட்டில் எல்லோரிடமும் இருக்கும் நல்ல ஒளிமூலம் ஜன்னல்; அதில் கட்டிய வெள்ளை வேட்டி.

எந்த ஜன்னல் என்பதில் நம் கரையோரத்துக்கென்று தனிக் கணக்கு உண்டு. வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயில் நேராக வராது, அதையே பயன்படுத்துங்கள் என்று புகைப்படப் புத்தகங்கள் சொல்வது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும். நாம் இருப்பது வட அட்சரேகை 9 பாகையை ஒட்டிய இடம். சித்திரை பிறக்கும் நாட்களிலிருந்து ஆகஸ்ட் மாதக் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில்தான் வெயில் விழும், தெற்கு ஜன்னலில் நிழல் இருக்கும். கீழக்கரைக் கடற்கரை தெற்கே மன்னார் வளைகுடாவைப் பார்த்திருப்பதால், கோடைப் பகலில் கடலைப் பார்த்த ஜன்னலே உங்களுக்கு நல்ல ஜன்னல். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது வடக்கு ஜன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள். தேவிபட்டினம், தொண்டி போன்ற பாக் நீரிணைப் பக்கத்து ஊர்களில் கடல் கிழக்கே இருப்பதால், கடல்பக்க ஜன்னலில் காலை வெயில் நேராகப் பாயும். அங்கே நண்பகலுக்குப் பிறகு படமெடுப்பது நல்லது. ஜன்னலுக்கு எதிரே பச்சையோ நீலமோ பூசிய சுவர் இருந்தால் அந்தச் சாயம் உங்கள் மேசை வரைக்கும் வந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

ஜன்னலுக்கு ஒரு சாதாரண வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பில் விரைப்பாகக் கட்டுங்கள். கரை உள்ள வேட்டியானால் கரை ஜன்னல் சட்டத்துக்கு வெளியே போகட்டும். நகத்தில் அந்தக் கோடும் தெரியும். துணியில் சுருக்கம் இருந்தால் அதுவும் தெரியும். மேசையை ஜன்னலை ஒட்டி, ஓர் அடி இடைவெளியில் போடுங்கள். அடுத்தது கையின் திசை, இது பலரும் கவனிக்காத விஷயம். விரல்கள் ஜன்னலை நோக்கி நீண்டிருந்தால் நகத்தின் முனைப் பகுதி முழுவதும் வெளுத்துவிடும். விரல்கள் ஜன்னல் சட்டத்துக்கு இணையாக, அதாவது ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்துக் கிடக்கட்டும். நகம் நீளவாக்கில் ஏறத்தாழ நேராகவும் அகலவாட்டில் வளைந்தும் இருப்பதால், இந்த நிலையில் ஜன்னலின் வெளிச்சம் ஒவ்வொரு நகத்தின் ஜன்னல்பக்க ஓரத்திலும் நீண்ட பட்டையாக ஒடுங்கி நிற்கும். பட்டை மிகவும் அகலமாக இருந்தால் ஜன்னலின் ஒரு பகுதியைக் கறுப்பு சார்ட் அட்டையால் மறைத்தால் அது மெலிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் துண்டை நிறுத்தினால் விரல்களின் நிழல்கள் இளகும். அதைக் கைக்கு நெருக்கினால் நகத்தின் மறு ஓரத்திலும் மெல்லிய பட்டை விழும், தள்ளி வைத்தால் மறையும். வெள்ளையோ இளஞ்சிவப்போ பூசிய நகங்களுக்கு மாறாகச் செய்ய வேண்டும்: தெர்மாகோலை எடுத்துவிட்டுக் கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். அப்போது நகத்தின் ஓரம் சற்றுக் கறுத்து, தோலிலிருந்தும் பின்னணியிலிருந்தும் பிரிந்து தெரியும். வெளிர்நிறப் பூச்சு படத்தில் வெள்ளையாகக் கரைந்துபோவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கறுப்பு ஓரம் இல்லாததுதான். அறையின் டியூப்லைட்டைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். நீங்கள் உடுத்தியிருக்கும் துணியும் நகத்தில் தெரியும். அடர்நிறத்தில், வேலைப்பாடு இல்லாத மேலாடை அணிந்துகொள்வது உதவும்.

பூச்சின் வகைக்கேற்ப இந்த ஏற்பாட்டில் சிறு மாற்றங்கள் தேவைப்படும். மேட், அதாவது பளபளப்பில்லாத டாப் கோட் போட்ட நகம் படமெடுக்க எளிது. அதில் பிரதிபலிப்பு சிதறிவிடுவதால் எந்த ஜன்னலும் போதும். கிளிட்டர் போட்ட நகம் இதற்கு நேர்மாறு. கிளிட்டரின் ஒவ்வொரு துகளும் தன்போக்கில் சாய்ந்து கிடக்கும் ஒரு தட்டைக் கண்ணாடி. வேட்டித் திரையின் பரந்த ஒளியில் எல்லாத் துகள்களும் ஒரே அளவில் ஒளிர்ந்து, மொத்தமும் சாம்பல் தூவியது போல மங்கிப்போகும். மின்னல் தெரிய வேண்டுமானால் வேட்டித் திரையை அப்படியே வைத்துக்கொண்டு, கூடவே ஒரு சிறிய, திரையிடாத ஒளி வேண்டும். கைபேசியின் டார்ச்சை மூன்றடி தள்ளி ஒருவர் பிடித்து மெல்ல நகர்த்தினால், எந்த இடத்தில் துகள்கள் விழித்துக்கொள்கின்றன என்பது கண்ணுக்கே தெரியும். கேட் ஐ பூச்சில் காந்தத்தால் ஒருபக்கமாக அடுக்கப்பட்ட உலோகத் துகள்கள் இருப்பதால் அதற்கும் இதே முறை பொருந்தும். கேமராவை நகர்த்தாமல் டார்ச்சை நகர்த்தி அந்தக் கோட்டை நகத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். குரோம் பவுடர் தேய்த்த நகம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. அது முழு ஆடியாதலால் கேமராவும் உங்கள் முகமும் அதில் தெரியும். பெரிய வெள்ளை சார்ட் அட்டையின் நடுவில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதன் வழியாக எடுப்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல வழியை நான் காணவில்லை.

லென்ஸின் முகப்பில் போலரைசர் ஃபில்டர் என்ற கண்ணாடியை மாட்டினால் பிரதிபலிப்பு போய்விடுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. பூச்சின் மேல்பரப்பை அது ஒரு குறிப்பிட்ட சாய்வில், செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 பாகையில் பார்க்கும்போதுதான் முழுமையாக வேலை செய்யும். வளைந்த நகத்தில் அந்தச் சாய்வு ஒரு குறுகிய பகுதியில் மட்டுமே அமையும். உலோகத் துகள்களின் பிரதிபலிப்பை அது தொடவே தொடாது. வெளிச்சத்தில் பாதிக்கு மேல் வேறு குடித்துவிடும். அந்தப் பணத்துக்கு ஒரு முக்காலி வாங்கலாம்.

இப்போது லென்ஸுக்கு வருவோம். உங்கள் 18-55 லென்ஸை 55இல் வைத்து, அது குவியக்கூடிய மிகக் குறைந்த தூரத்துக்குச் சென்றால், பொதுவாக உண்மையான அளவில் மூன்றில் ஒரு பங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். அதாவது படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 6.5 செ.மீ. அடங்கும், நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் அவ்வளவுதான் அகலம். கேமரா 24 மெகாபிக்சல் என்றால் படம் 6000 புள்ளி அகலம் கொண்டது. அதில் 12 மி.மீ. அகலமுள்ள ஒரு நகத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். அந்த ஒரு நகத்தை மட்டும் வெட்டியெடுத்தாலே ஒரு கைபேசித் திரையின் அகலத்தை அது நிரப்பும். உங்கள் வாடிக்கையாளர்கள் உங்கள் வேலையைக் கைபேசியில்தான் பார்க்கிறார்கள் என்றால் இதற்கு மேல் உருப்பெருக்கம் எதற்கு? ஒரு நகத்தின் மேல் பதித்த ஒரே கல்லை மட்டும் படமாக்க நினைக்கும் நாளில்தான் மேக்ரோ லென்ஸின் தேவை வரும்.

லென்ஸில் எழுதியிருக்கும் 0.25 மீ. என்ற குறைந்தபட்சத் தூரம் லென்ஸின் முகப்பிலிருந்து அளக்கப்படுவதில்லை. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரிலிருந்து அளக்கப்படுகிறது. கேமராவின் மேற்புறத்தில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடுமாக இருக்கும் குறி அந்த இடத்தைக் காட்டுகிறது. அந்தத் தூரத்தைவிட நெருங்கினால் எந்த லென்ஸும் மங்கலாகத்தான் காட்டும், உங்கள் படங்களில் சில மங்கியதற்கு இது காரணமாக இருக்கலாம். 18இல் வைத்துக்கொண்டு நெருங்குவதும் தவறான வழி: அருகில் உள்ள விரல் பூதாகரமாகவும் அடுத்தவை சூம்பியும் தெரியும், லென்ஸின் நிழலும் கையில் விழும். பூக் குறியிட்ட மேக்ரோ நிலை உள்ள சிறிய கேமராக்களிலும் இதே சிக்கல் உண்டு. அவை பெரும்பாலும் அகலக் கோணத்தில் மட்டுமே மிக நெருங்கிக் குவியும். அந்த வகைக் கேமரா வைத்திருப்பவர்கள் சற்றுப் பின்னுக்கு வந்து, கொஞ்சம் ஜூம் செய்து, பிறகு படத்தை வெட்டிக்கொள்வதே நல்லது.

மங்கலுக்கு மிக முக்கியமான காரணம் வேறு. இவ்வளவு அருகிலிருந்து எடுக்கும்போது, முன்னுக்கும் பின்னுக்குமாகத் தெளிவாக விழும் ஆழம் மிகமிகக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு உருப்பெருக்கத்தில், லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை எஃப் 5.6இல் வைத்தால் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) அந்த ஆழம் சுமார் 2.7 மி.மீ.; எஃப் 8இல் சுமார் 4 மி.மீ.; எஃப் 11இல் 5 மி.மீ.க்குச் சற்று மேல். ஒரு நகத்தின் நடு மேட்டுக்கும் ஓரத்துக்கும் இடையே உள்ள இறக்கமே சில மில்லிமீட்டர் இருக்கும். எனவே எஃப் 8க்கும் எஃப் 11க்கும் இடையில் வைத்து வேலை செய்யுங்கள். எஃப் 16ஐத் தாண்டினால் ஆழம் கூடும், ஆனால் துளை சிறுத்துவிடுவதால் ஒளி விளிம்பில் வளைந்து, படம் முழுவதுமே லேசாக மென்மையடைந்துவிடும்.

எஃப் எண்ணை மாற்றுவதைவிடப் பெரிய பலன் விரல்களை வைக்கும் முறையில் இருக்கிறது. நான்கு நகங்களும் ஒரே தளத்தில், கேமராவின் பின்புறத்துக்கு இணையாக இருந்தால் அந்த 4 மி.மீ. போதும், ஒரு விரல் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் எந்த எண்ணும் காப்பாற்றாது. அரிசி நிரப்பிய சிறிய துணிப்பையை உள்ளங்கைக்குக் கீழே கொடுத்து, விரல்களை அதன் மேல் தளர்வாக மடக்கி வையுங்கள். துணிப்பை விரல்களின் உயரத்துக்கேற்ப அமுங்கிக்கொடுக்கும், சுருட்டிய துண்டு அப்படி அமுங்காது. நடுவிரலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, சுண்டுவிரலைக் கொஞ்சம் முன்னே விட்டால் நான்கு நகங்களும் ஒரு வரிசைக்கு வந்துவிடும். கட்டைவிரல் இந்தத் தளத்தில் ஒருபோதும் அமையாது. அதைத் தனியாக எடுத்துவிடுவதே மேல்.

கை மேசையில் கிடந்தாலும் அசையும். மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் விரல் நுனி நகர்வதை லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியில், பெரிதாக்கிப் பார்த்தால் புரியும். முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டதால் மட்டும் ஷட்டர் வேகத்தைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மேசையில் படியச் சொல்லுங்கள்; ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும்; அதற்காக ஐஎஸ்ஓவை (ஒளிக்கான கேமராவின் உணர்திறனை) 400 அல்லது 800 வரை உயர்த்த வேண்டியிருந்தால் தயங்காமல் உயர்த்துங்கள். அதனால் வரும் லேசான புள்ளிப் படிவைப் பின்னால் குறைத்துவிடலாம், அசைவால் வந்த மங்கலை எந்த மென்பொருளாலும் திருத்த இயலாது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது வேட்டித் திரை படபடத்து, ஒளிப்பட்டை நொடிக்கு நொடி இடம் மாறும். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு உட்பக்கம் துணியைக் கட்டுங்கள், கண்ணாடி இல்லாத ஜன்னலென்றால் துணியின் கீழ் விளிம்பில் ஒரு கம்பியைச் செருகுங்கள்.

தானியங்கிக் குவியத்தை இங்கே நம்ப வேண்டாம். ஒரே நிறத்தில் பளபளக்கும் பரப்பில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாததால் கேமரா முன்னும் பின்னும் தடுமாறி, கடைசியில் தோலின் சுருக்கத்தையோ ஒளிப்பட்டையையோ பிடித்துக்கொள்ளும். லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவில் ஐந்து அல்லது பத்து மடங்கு பெரிதாக்கி, நடுவிரல் அல்லது மோதிரவிரல் நகத்தில் நீங்கள் வரைந்த மிக மெல்லிய கோட்டைப் பார்த்துக் குவியுங்கள். மிக அருகில் குவியத்தைச் சரிசெய்ய லென்ஸ் வளையத்தைத் திருகுவதைவிடக் கேமராவையோ கையையோ ஒரு மயிரிழை முன்பின் நகர்த்துவது எளிது. படமெடுக்க இரண்டு நொடி டைமரைப் பயன்படுத்தினால் பொத்தானை அழுத்தும் அதிர்வு படத்தில் சேராது. கேமராவோடு வரும் ஃபிளாஷை மூடிவையுங்கள். இந்தத் தூரத்தில் அது லென்ஸின் நிழலைக் கையிலும், சுடும் வெள்ளைப் புள்ளியை ஒவ்வொரு நகத்திலும் போடும்.

நிறம் மாறுவதற்கு முதல் காரணம் இரண்டு வகை வெளிச்சம் கலப்பது. ஜன்னல் ஒளியும் டியூப்லைட்டும் சேர்ந்து விழுந்தால் நகத்தின் ஒரு பாதி நீலம் கலந்தும் மறுபாதி பச்சையோ மஞ்சளோ கலந்தும் தெரியும். அதை எந்த ஒயிட் பேலன்ஸாலும் (வெளிச்சத்தின் சாயத்தை ஈடுசெய்யும் கேமரா அமைப்பாலும்) முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒரே ஒளியில் எடுங்கள்; அந்த ஒளியில் ஒரு சாம்பல் நிற அட்டையைக் கை இருக்கும் இடத்தில் வைத்துப் படமெடுத்து, அதை கஸ்டம் ஒயிட் பேலன்ஸாகப் பதிந்துகொள்ளுங்கள். மேகம் மூடினால் அல்லது ஒரு மணி நேரம் கடந்தால் மீண்டும் பதிய வேண்டும். இரவில் விளக்கில்தான் எடுக்க முடியும் என்றால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல எல்இடிகளும் பழைய டியூப்லைட்டுகளும் நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். அப்போது மட்டும் ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் படத்துக்குப் படம் நிறமும் வெளிச்சமும் மாறாது.

மெரூன் சிவப்பாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடர்சிவப்புப் பூச்சில் கேமராவின் சிவப்பு அலைவரிசை மட்டும் மற்றவற்றுக்கு முன்பே நிரம்பி வழிந்துவிடும். அதன்பின் அந்த இடத்தில் நிறபேதமும் கோடுகளும் காணாமல்போகும். பின்திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை வரவழைத்து, சிவப்பு வலப்பக்கச் சுவரில் முட்டாமல் நிற்கும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். மூன்றில் ஒரு நிலையிலிருந்து மூன்றில் இரண்டு நிலை வரை குறைத்தால் பொதுவாகப் போதும் (ஒரு நிலை, அதாவது ஸ்டாப், குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்; கூட்டினால் இரட்டிப்பாகும்). பின்னணியும் வெளிச்சக் கணக்கைக் கெடுக்கும். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எண்ணிக்கொள்கிறது. வெள்ளைத் துணியின் மேல் கையை வைத்தால் படம் இருண்டும், கறுப்பு வெல்வெட்டின் மேல் வைத்தால் தோல் வெளுத்தும் விழும். ஆகவே முன்னதற்கு ஒரு நிலை கூட்டுங்கள், பின்னதற்கு ஒரு நிலை குறையுங்கள். படங்களை ரா (RAW) வடிவத்திலும், அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாகவும், சேமித்துவைத்தால் இதையெல்லாம் பிறகு திருத்த இடம் இருக்கும்.

மருதாணியையும் நகத்தையும் ஒரே படத்தில் காட்ட விரும்பினால் நேரத்தைக் கவனியுங்கள். மருதாணி விழுதை உதிர்த்த உடனே கை ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாட்களில்தான் அது கறுஞ்சிவப்பாக முதிர்கிறது. மருதாணி இட்ட மறுநாள் மாலை அல்லது கல்யாண நாளன்று எடுக்கும் படமே உங்கள் இரண்டு வேலைகளுக்கும் நியாயம் செய்யும்.

படமெடுக்கும் முன் கையைத் தயார்செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்த வேலைதான். கண்ணுக்குத் தெரியாத பஞ்சிழையும் காய்ந்த தோலும் பெரிதாக்கிய படத்தில் கயிறாகவும் செதிளாகவும் தெரியும். நகக்கண்ணில் ஒரு துளி எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் நகத்தின் மேல் ஏறினால் பளபளப்பு திட்டுத்திட்டாக மாறும். ஒட்டு நகங்களில், நகக்கண்ணுக்கும் ஒட்டு நகத்துக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியைக் கேமரா இரக்கமின்றிக் காட்டும். அவரவர் நகத்துக்குச் சரியான அளவைத் தேர்ந்தெடுத்து, கேமராவைச் சற்று நக நுனிப் பக்கமாகச் சாய்த்து எடுத்தால் அந்த இடைவெளி மறைந்துவிடும். தோலை மென்பொருளால் வழவழப்பாக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கைவேலையை நம்பிப் பணம் கொடுக்க வருபவருக்கு உண்மையான கையையே காட்டுங்கள்.

பின்னணிக்கு நம் ஊரிலேயே நல்ல பொருட்கள் இருக்கின்றன. சாயம் ஏற்றாத பனையோலைப் பாயும் ஓலைப்பெட்டியும் மங்கிய பொன்னிறத்தில் எந்தப் பூச்சோடும் சண்டையிடாமல் நிற்கும். விரல்களுக்கு மூன்று நான்கு அங்குலம் பின்னால் வைத்தால் பின்னல் மட்டும் மெல்ல மங்கித் தெரியும். சங்கு அழகானது, ஆனால் அதன் வெண்மை வெளிர்நிற நகங்களை அமுக்கிவிடும். கடற்கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளை எடுத்துவந்து அலங்காரமாக வைக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்டவை. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. அதைச் சேகரிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

உப்புக்காற்று கேமராவுக்குச் செய்யும் தீங்கும் தெளிவைக் குறைக்கும். கடலோர வீட்டில் லென்ஸின் முகப்பில் மெல்லிய உப்புப் படலம் படியும். அது படத்தில் கறையாகத் தெரியாது, மொத்த நிறத்தையும் பால் கலந்தது போல வெளுக்கச் செய்யும். முதலில் ஊதுகுழலால் மணலை ஊதி அகற்றிவிட்டு, பிறகு லென்ஸுக்கென்று உள்ள மென்துணியால் துடையுங்கள். முந்தானையால் துடைத்தால் மணல் கீறும். கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்திருங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்தால் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுவைத்து, பிறகு திறங்கள். உடனே திறந்தால் கண்ணாடி வியர்த்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஒற்றை நகத்தை இன்னும் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று தோன்றினால், முதலில் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குங்கள். அதில் கண்ணாடியே கிடையாது, லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் வெற்று வளையம்தான், 20 மி.மீ. வளையம் உங்கள் லென்ஸின் 55 முனையில் உருப்பெருக்கத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். மின்தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் பெரும்பாலான லென்ஸ்களில் துளையைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. 18 முனையில் அதைப் பயன்படுத்த முயல வேண்டாம், குவியும் இடம் லென்ஸுக்குள்ளேயே போய்விடும். முகப்பில் திருகும் குளோஸ் அப் ஃபில்டர் இன்னும் மலிவு, ஆனால் ஒற்றைக் கண்ணாடியால் ஆனவற்றில் படத்தின் ஓரங்களில் நிறப் பிசிறு வரும். கடைசியாக மேக்ரோ லென்ஸ்தான் என்று முடிவெடுத்தால் 90 முதல் 105 மி.மீ. வரையிலான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 35, 40 மி.மீ. மேக்ரோக்கள் மலிவானவை என்றாலும் முழு உருப்பெருக்கத்தில் நகத்தைத் தொடும் அளவுக்கு நெருங்க வேண்டியிருப்பதால் வெளிச்சத்தை அவையே மறைத்துவிடும். ராமநாதபுரத்தில் கல்யாணப் படமெடுப்பவர்கள் சிலர் மோதிரத்தையும் நகையையும் எடுப்பதற்காக 100 மி.மீ. மேக்ரோ வைத்திருப்பார்கள். தெரிந்தவர் யாராவது உங்கள் கேமராவுக்குப் பொருந்தும் ஒன்றை ஒருநாள் வாடகைக்குக் கொடுத்தால், அதே மேசையில், அதே கையை இரண்டு லென்ஸாலும் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.